பக்கங்களை எண்ணிய துறவி

ஒரு துறவி வேதம் வாசித்துக்கொண்டிருக்கிறார். கொட்டாவி வருகிறது. கண்ணைக் கசக்கிக்கொள்கிறார், கையை நீட்டிச் சோம்பல் முறிக்கிறார், சற்று நேரம் சுவரையே பார்க்கிறார். மறுபடி இரண்டு வரி. பிறகு இன்னும் எத்தனை பக்கம் பாக்கி என்று புரட்டி எண்ணுகிறார். எழுத்தே சரியில்லை என்று பிரதி எடுத்தவரைக் குறை சொல்கிறார். கடைசியில் புத்தகத்தை மூடி, அதையே தலைக்கு வைத்துப் படுத்துவிடுகிறார். தூக்கமாவது ஒழுங்காக வருகிறதா என்றால் அதுவும் இல்லை. பசி எழுப்பிவிடுகிறது.

இந்தக் காட்சியை எழுதியவர் எவாக்ரியுஸ். 399-ல் எகிப்தின் பாலைவனத்தில் இறந்துபோன துறவி. புத்தகம் இருந்த இடத்தில் கைபேசியை வைத்துவிட்டால், இன்றைக்கு நம் வீடுகளில் நடக்கும் காலை ஜெபம் அப்படியே இதுதான். வேதாகமச் செயலியைத் திறக்கிறோம். நாலு வசனம் போவதற்குள் மேலே வாட்ஸ்அப் எட்டிப் பார்க்கிறது. யாரோ அனுப்பிய இன்றைய வாக்குத்தத்தம். நல்ல காரியம்தானே என்று உள்ளே போகிறவர், அத்தை பேரனின் பிறந்தநாள் படம்வரை பார்த்துவிட்டு, அவசரமாக ஓர் ஆமென் சொல்லி எழுந்துவிடுகிறார்.

ஆவிக்குரிய போராட்டம் என்றதும் நம் கூட்டங்களில் பேசப்படுவதெல்லாம் பெரிய சங்கதிகள்: குடி, விபசாரம், பில்லிசூனியம், தீராத பகை. அவற்றில் விழுந்து எழுந்தவருக்குச் சாட்சி சொல்ல மைக் கிடைக்கும். பல வருஷமாக முழங்காலில் நிற்கிறேன், மனசு எதிலும் ஒட்டவில்லை என்கிறவருக்குக் கிடைக்காது. போதகர் வீடு சந்திக்க வருகிறார். "என்னம்மா, ஜெபமெல்லாம் எப்படிப் போகுது?" "கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கோம் ஐயா." வேறு பதில் சொன்ன குடும்பத்தை நான் பார்த்ததில்லை. அதே கேள்வியைப் போதகரிடம் திருப்பிக் கேட்டவரையும் பார்த்ததில்லை. கேட்டால் அவரும் அதே பதிலைத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

எவாக்ரியுஸ் அப்படி மறைத்துப் பேசுகிறவர் அல்ல. கருங்கடலை ஒட்டிய பொந்து நாட்டில் பிறந்தவர். பெரும் இறையியலாளரான நசியான்சு கிரகோரியாரின் கையால் டீக்கன் பட்டம் பெற்று, கான்ஸ்டான்டிநோபிளில் பேச்சுத் திறமையால் பெயர் வாங்கியவர். அங்கே உயர்குலத்துப் பெண் ஒருத்தியிடம், அதுவும் மணமானவளிடம், மனம் சிக்கிக்கொண்டது. இரவோடு இரவாகப் புறப்படாத குறையாக எருசலேமுக்கு ஓடினார். போன இடத்தில் மாதக்கணக்கில் காய்ச்சல். வைத்தியர்களுக்குப் பிடிபடாததை மெலானியா என்ற மடத்துத் தலைவி கண்டுபிடித்தார். உன் மனசில் வேறு ஏதோ இருக்கிறது, சொல் என்று கேட்டு வாங்கினார். 383 வாக்கில் எகிப்துக்கு வந்த எவாக்ரியுஸ், கடைசி 14 ஆண்டுகளைக் கெல்லியா என்ற துறவிக் குடியிருப்பில் கழித்தார். பிழைப்புக்குப் பிரதி எடுக்கும் வேலை. கையெழுத்தைக் குறை சொல்லும் துறவியை அவர் எங்கிருந்து பிடித்தார் என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

துறவியை அலைக்கழிக்கும் எண்ணங்கள் எட்டு என்று அவர் வரிசைப்படுத்தினார்: பெருந்தீனி, காமம், பண ஆசை, துக்கம், கோபம், சோர்வு, வீண்பெருமை, அகந்தை. ஆறாம் நூற்றாண்டில் போப் முதலாம் கிரகோரியார் இதை மாற்றியமைத்தார். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேச வகுப்பில் ஒப்பிக்கும் தலையான பாவங்கள் ஏழுக்கும் மூலம் இந்தப் பட்டியல்தான்.

எட்டிலும் பொல்லாதது சோர்வு என்பது எவாக்ரியுஸின் கணிப்பு. மற்ற எண்ணங்கள் மனசின் ஒரு பக்கத்தைத் தொடும், இது ஆளையே அமுக்கும். 91ஆம் சங்கீதம் நண்பகலில் வரும் அழிவு ஒன்றைச் சொல்கிறதே, அதுதான் இது என்றார்கள் பாலைவனத்தார். காலை பத்து மணிக்குப் பிடித்தால் பிற்பகல் இரண்டுவரை விடாது. சூரியன் நகரவே மாட்டேன் என்கிறது. பகலுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பதுபோல் தோன்றுகிறது. அங்கே சாப்பாடு மூன்று மணிக்குத்தான். ஆகவே துறவி ஜன்னலை எட்டிப் பார்க்கிறார், வெளியே வந்து வெயில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்க்கிறார், அக்கம்பக்கத்துக் குடிலிலிருந்து யாராவது பேச வருகிறார்களா என்று பார்க்கிறார். அப்புறம் அந்த இடமே பிடிக்காமல் போகிறது. கைவேலை கசக்கிறது. இங்கே யாரிடமும் அன்பு இல்லை, நமக்கு ஆறுதல் சொல்ல ஒருத்தரும் இல்லை என்று படுகிறது. அண்மையில் யாராவது மனம் நோகப் பேசியிருந்தால் அது சரியாக அந்த நேரத்துக்கு ஞாபகம் வருகிறது. வேறு ஊருக்குப் போனால் என்ன? அங்கே லேசான தொழில் கிடைக்கும். கடவுளை எங்கிருந்தும் தொழலாமே! இப்படியே போய், ஊரில் விட்டுவந்த உறவுகளிலும் இன்னும் தள்ளவேண்டிய நீண்ட ஆயுளிலும் வந்து நிற்கிறது.

சபை மாறுகிறவர்கள் சொல்லும் காரணங்களை இந்த வரிசையோடு ஒட்டிப் பாருங்கள். "அங்க அன்பே இல்லீங்க" என்பதுதான் பெரும்பாலும் முதல் காரணம். எல்லா மாற்றத்தையும் இதில் அடக்க முடியாது என்பதையும் சொல்லவேண்டும். சாதி பார்த்து இருக்கை ஒதுக்கும் சபையையோ காணிக்கைக்குக் கணக்குக் காட்டாத சபையையோ விட்டு வெளியேறுவது சோர்வல்ல, சுரணை.

இதைவிடக் கூர்மையான ஒன்றையும் அவர் கவனித்திருக்கிறார். சோர்வு பக்தி வேஷத்தில் வரும். துறவி திடீரென்று நோயாளிகளைப் பார்த்துவரக் கிளம்புவார். பார்ப்பதென்னவோ நோயாளியைத்தான், தீர்த்துக்கொள்வது தன் சலிப்பை. பாடகர் குழு, பெண்கள் ஐக்கிய சங்கம், அசனப் பண்டிகைக் கமிட்டி, வாலிபர் கூட்டம் என்று வாரம் முழுக்க ஆலயத்தையே சுற்றிவருகிறவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. அவர்கள் இல்லாவிட்டால் ஒரு வேலையும் நடக்காது. ஆனால் அவர்களில் எத்தனை பேரால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கால்மணி நேரம் உட்கார முடியும்?

இவ்வளவையும் பிசாசின் வேலை என்றே எவாக்ரியுஸ் எழுதுகிறார். ஆனால் எண்ணெய் பூசி அதட்டும் நம் கூட்டங்களின் கூச்சல் அவரிடம் இல்லை. எண்ணம் வந்து தொந்தரவு செய்வதும் செய்யாததும் நம் கையில் இல்லை, அதைத் தங்கவிடுவதும் விடாததும்தான் நம் பொறுப்பு என்கிறார். ஜெபத்தில் மனசு அலைந்தாலே பாவம் செய்துவிட்டதாக நடுங்குகிறவர்களுக்கு இந்த ஒரு வித்தியாசம் போதும், பாதிப் பாரம் இறங்கிவிடும்.

மீதிப் பாதிக்கு அவர் சொல்லும் வழிகள் சின்னச் சின்னவை. முதலாவது, பதில் பேசுவது. வனாந்தரத்தில் இயேசு சோதனைக்காரனுக்கு வேத வார்த்தையால் பதில் சொன்னாரே, அதே முறை. எந்த எண்ணம் வந்தால் எந்த வசனம் என்று ஏறக்குறைய ஐந்நூறு வசனங்களைத் தொகுத்து ஒரு கையேடே எழுதிவைத்தார். நாமும் புத்தாண்டு இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். நம் அட்டை இந்த வருஷம் நமக்கு என்ன கிடைக்கும் என்று சொல்கிறது. அவருடைய கையேடு இப்போது உன் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்டுவிட்டுப் பேசுகிறது. எனக்கு இரண்டாவதுதான் உதவும் என்று தோன்றுகிறது.

இரண்டாவது, கைக்கு வேலை. பாலைவனத் துறவிகளுக்கெல்லாம் மூத்தவரான அந்தோணியாரே ஒருநாள் இந்தச் சோர்வில் சிக்கி, என்ன செய்வேன் என்று கடவுளிடம் முறையிட்டாராம். வெளியே வந்து பார்த்தால் அவரைப் போலவே ஒருவர் உட்கார்ந்து வேலை செய்கிறார், எழுந்து ஜெபிக்கிறார், மறுபடி உட்கார்ந்து ஓலையில் கயிறு திரிக்கிறார், மறுபடி எழுகிறார். அவ்வளவுதான் தரிசனம். வந்தவர் தேவதூதன், சொன்னது இப்படியே செய் என்பது மட்டும். அந்த ஓலை பேரீச்ச மரத்துடையது. தூத்துக்குடிப் பக்கம் மணப்பாட்டில் பனையோலைப் பெட்டி முடையும் பெண்களுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம். விரல் தானாக ஓடும்போது மனசு ஓரிடத்தில் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்ததுதான். இந்த வழியை எல்லை தாண்டிக் கொண்டுபோனவரும் உண்டு. மேற்கத்திய மடங்களுக்கு இந்தப் பாடங்களைக் கொண்டுசென்ற யோவான் காசியன், பவுல் என்றொரு துறவியைப் பற்றிச் சொல்கிறார். ஊரிலிருந்து அவர் இருந்த இடம் வெகுதூரம், முடைந்ததை விற்க எடுத்துப்போனால் வண்டிக் கூலிக்கே கட்டாது. ஆகவே வருஷம் முழுக்க முடைந்து, வருஷக் கடைசியில் மொத்தத்தையும் கொளுத்திவிட்டு, முதலிலிருந்து தொடங்குவாராம்.

மூன்றாவது, அந்த நேரத்தில் இடத்தை விட்டு எழாமல் இருப்பது. முடிவெடுக்காதே, மூட்டை கட்டாதே. அழுகை வந்தால் அழு, உன்னையே இரண்டாக்கி ஒரு பாதி மறுபாதியைத் தேற்றட்டும் என்கிறார். அம்மா தியோடோராள் என்ற பெண் துறவியின் பெயரில் வழங்கும் கதை இன்னும் சுவையானது. ஒருவருக்கு ஜெபநேரம் வந்தாலே குளிரும் காய்ச்சலும் தலைவலியும் வந்துவிடுமாம். அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார்: உடம்பு இவ்வளவு மோசமாகிவிட்டது, செத்தாலும் செத்துவிடுவேன், அதற்குள் ஜெபத்தை முடித்துவிடுவோம். ஜெபம் முடிந்தது, காய்ச்சலும் இறங்கியது.

இந்தக் கதையை நிஜக் காய்ச்சல்காரரிடம் சொல்லிவிடக் கூடாது. எவாக்ரியுஸ் தன் பட்டியலில் துக்கத்தையும் சோர்வையும் இரண்டாகப் பிரித்தே வைத்தார். நம் காலத்தில் மனச்சோர்வு நோய் என்று மருத்துவம் சொல்வது மூன்றாவது. வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல், உயிரே வேண்டாம் என்றிருப்பவரிடம் உன் ஜெபம் பத்தாது என்பது கொடுமை. இதைப் பிரசங்க மேடையிலிருந்தே கேட்டிருக்கிறேன். அவரை மருத்துவரிடம் அழைத்துப் போகிறவரே அன்றைக்கு நல்ல ஊழியக்காரர்.

சோர்வை வென்றவருக்கு அடுத்த வம்பு உடனே தயாராக இருக்கிறது, அது வீண்பெருமை. தன்னால் பிசாசுகள் அலறி ஓடுவதுபோலவும், ஜனங்கள் தன் வஸ்திரத்தைத் தொட முண்டுவதுபோலவும், தன்னைக் குருப்பட்டத்துக்கு இழுத்துப்போக ஆட்கள் வாசலில் நிற்பதுபோலவும் துறவி கற்பனை செய்யத் தொடங்குவார் என்று எவாக்ரியுஸ் எழுதுகிறார். சாட்சி மேடையில் இன்றும் மைக் பிடிப்பது பல நேரம் இந்த ஆசாமிதான். அலெக்சாந்திரியாவின் தலைமை ஆயர் எவாக்ரியுஸை ஆயராக்கப் பார்த்தபோது அவர் ஓடிப்போனார். இறந்து நூற்றைம்பது ஆண்டு கழித்து, வேறு இறையியல் சச்சரவு ஒன்றில் அவருடைய பெயர் கெட்டது. ஆனால் ஜெபத்தைப் பற்றி அவர் எழுதிய நூலைத் துறவிகளால் விட முடியவில்லை. யோவான் சுவிசேஷத்தில் வலையில் அகப்பட்ட 153 மீன்களுக்கு ஒன்றாக 153 சிறு பகுதிகள் கொண்ட நூல் அது. நீலுஸ் என்ற இன்னொருவர் பெயரைப் போட்டு அதைப் பிரதி எடுத்துக்கொண்டே இருந்தார்கள். எழுதியவர் எவாக்ரியுஸ்தான் என்று அறிஞர்கள் நிறுவியது இருபதாம் நூற்றாண்டில்.