கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: இது சிகிச்சையா, ஆய்வா?

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் மாலை, வார்டில் நோயாளியின் கட்டிலுக்கு வரிசையாகத் தாள்கள் வரும். மயக்க மருந்துக்குச் சம்மதம், அறுவைக்குச் சம்மதம், தேவைப்பட்டால் ரத்தம் ஏற்றச் சம்மதம், காப்பீட்டுத் திட்டத்துக்கு ஒரு படிவம். சில சமயம் அவற்றுக்கு நடுவே இன்னொரு தாளும் இருக்கும். இரண்டு விதத் தையல்களில் எந்தப் புண் சீக்கிரம் ஆறுகிறது என்று பார்க்கும் ஓர் ஆய்வில் சேர்வதற்கான சம்மதம் அது. கூட இருப்பவர் "எங்கெங்க போடணும்?" என்று கேட்பார். விரல் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்து விழும்.

முதலில் வந்த தாள்கள் அந்த நோயாளிக்குச் செய்யப்போகும் வைத்தியத்துக்கானவை. கடைசித் தாள் அப்படியல்ல. இனிமேல் வரப்போகும் நோயாளிகளுக்கு எது நல்லது என்று கண்டறிய, இவர் தம் உடலையும் நேரத்தையும் தருவதற்கான தாள். அவர் தரலாம், மறுக்கலாம். மறுத்தாலும் வைத்தியம் நிற்கக்கூடாது. இதைச் சொல்லாமல் வாங்கிய கையெழுத்தை நம் நாட்டின் விதிகள் முறையான சம்மதமாக ஏற்பதில்லை.

ஆராய்ச்சி என்றதும் பலரும் வெளிநாட்டு கம்பெனி, புது மருந்து என்றே நினைக்கிறார்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நடப்பவற்றில் பெரும்பகுதி அதுவல்ல. எம்.டி., எம்.எஸ். படிக்கும் ஒவ்வொரு மருத்துவரும் ஆய்வேடு எழுதியே ஆகவேண்டும். பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு, எலும்பு முறிவு, மயக்கவியல், குழந்தை நலம் என்று எந்தத் துறைக்குப் போனாலும் ஏதாவது ஒரு 'ஸ்டடி' ஓடிக்கொண்டிருக்கும். வழக்கமாக எடுக்கும் ரத்தத்தோடு இன்னும் 5 மில்லி, கூடுதலாக ஒரு ஸ்கேன், வலி எப்படி இருக்கிறது என்று சில கேள்விகள், பெரும்பாலும் இவ்வளவுதான். ஆபத்து குறைவு. ஆனாலும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். அறுத்தெடுத்த கட்டியில் ஒரு துண்டை எதிர்கால ஆய்வுக்காகச் சேமித்து வைப்பதற்கும் தனியாகச் சம்மதம் வேண்டும்.

"அப்படியானால் வம்பே வேண்டாம், எதிலும் சேரமாட்டேன்" என்று முடிவெடுப்பவர்களுக்குச் சென்னையிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது. காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்தே ஆகவேண்டும் என்று உலகமே நம்பிய காலம் அது. இந்த மையம் 193 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் சேர்த்தது. மற்றவர்களுக்கு வீட்டிலிருந்தபடியே அதே மருந்துகளைக் கொடுத்தது. நெரிசலான வீடுகளில், போதிய சாப்பாடு இல்லாமல், வேலைக்கும் போய்க்கொண்டிருந்த ஏழைகள் ஓராண்டு முடிவில் கிட்டத்தட்ட அதே அளவு குணமாகியிருந்தார்கள். அவர்களோடு அதே வீட்டில் வசித்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959இல் முடிவு வெளியானது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். இன்று வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகும் ஒவ்வொரு காசநோயாளியும் அந்த 193 பேருக்குக் கடன்பட்டவர்.

விபத்தில் ரத்தம் கொட்டும் நோயாளிகளுக்கு இன்று போடும் டிரானெக்சாமிக் அமில ஊசியும் இப்படி வந்ததுதான். 40 நாடுகள், 274 மருத்துவமனைகள், 20,211 நோயாளிகள் என்று நடந்த அந்த ஆய்வின் முடிவு 2010இல் வந்தது. இந்திய மருத்துவமனைகளும் அதில் இருந்தன.

அறுவை சிகிச்சையில் ஆய்வு இன்னும் சிக்கலானது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் மூட்டுத் தேய்மானத்துக்குச் செய்யும் ஆர்த்ரோஸ்கோப்பி என்ற துளைவழி அறுவை உண்மையிலேயே பலன் தருகிறதா என்று பார்த்தார்கள். 180 பேரில் ஒரு பிரிவினருக்கு முட்டியில் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார்கள். உண்மையான அறுவை செய்துகொண்டவர்களைவிட இவர்களுக்கு வலி அதிகமாக இல்லை. 2002இல் வந்த இந்த முடிவு எத்தனையோ பேரைத் தேவையற்ற அறுவையிலிருந்து காப்பாற்றியது. ஆனால் என்னை நிற்கவைத்தது வேறொரு எண். ஆய்வுக்குத் தகுதியானவர்கள் 324 பேர். "உங்களுக்கு வெறும் கீறல் மட்டுமே கிடைக்கலாம்" என்று சொல்லித்தான் அழைத்தார்கள். சேர்ந்தவர்கள் அதைப் புரிந்துகொண்டதாகத் தம் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 144 பேர் மறுத்துவிட்டார்கள். அத்தனை பேர் மறுத்தும் ஆய்வு நின்றுபோகவில்லை. உண்மையைச் சொன்னால் யாரும் சேரமாட்டார்கள் என்று பயப்படும் ஆய்வாளர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நம் நாட்டில் அந்த உண்மை மறைக்கப்பட்ட கதைகள் உண்டு. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் 1999-2000இல் வாய்ப்புற்று நோயாளிகளுக்கு முறையான சம்மதம் இல்லாமல் சோதனை மருந்து செலுத்தப்பட்டது. கூட்டாளியான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2001இல் விசாரணை நடத்தி, மனிதர்கள் மீதான ஆய்வுகளுக்குத் தலைமை ஏற்க, இந்த ஆய்வில் ஈடுபட்ட தன் விஞ்ஞானிக்கே தடை விதித்தது. ஒன்றுபட்ட ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் 2009இல் பள்ளிச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடும் ஆய்வுத் திட்டம் நடந்தபோது, விடுதியில் தங்கியிருந்த பிள்ளைகளுக்காகப் பல படிவங்களில் பெற்றோருக்குப் பதில் வார்டன்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் இதைக் கடுமையாகச் சாடியது. அந்தத் தடுப்பூசி நல்ல தடுப்பூசி, இன்று பல நாடுகளில் சிறுமிகளுக்குப் போடப்படுகிறது. தவறு ஊசியில் இல்லை, சம்மதம் வாங்கிய விதத்தில் இருந்தது.

இந்தூரில் நடந்த மருந்துச் சோதனைகள் குறித்த புகார்களை அடுத்து, ஸ்வாஸ்த்ய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு 2012இல் உச்ச நீதிமன்றம் போனது. 2005 முதல் 2012 வரை புது மருந்துச் சோதனைகளின்போது 2,644 பேர் இறந்ததாகவும், அவற்றில் 80 இறப்புகள் சோதனையால் நேர்ந்தவை என்றும் மத்திய அரசு அங்கே தெரிவித்தது. புற்றுநோய் முற்றியவர்களும் இந்த ஆய்வுகளில் இருப்பார்கள்; எல்லா மரணத்துக்கும் மருந்து காரணமாகாது. ஆனால் எது நோயால், எது மருந்தால் என்று தீர்மானிப்பது யார்? மருந்து கம்பெனியும் அதன் மருத்துவருமே தீர்மானித்தால் போதுமா? அந்தக் கேள்வியிலிருந்துதான் இன்று நடப்பில் உள்ள 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் பிறந்தன.

இந்த விதிகள் நோயாளியின் கையில் கொடுப்பது இரண்டு தாள்கள். ஒன்று தகவல் தாள். இன்னொன்று ஒப்புதல் படிவம். தகவல் தாள் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஆய்வு எதற்கு, எவ்வளவு நாள், என்னென்ன செய்வார்கள், என்ன ஆபத்து, சேராவிட்டால் வேறு என்ன வைத்தியம் உண்டு, பாதியில் விலகலாமா என்பதெல்லாம் அதில் இருக்கும். எந்த மருந்து யாருக்கு என்பதைப் பெரும்பாலும் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் கணினிதான் முடிவு செய்யும். உங்கள் மருத்துவர் தேர்ந்தெடுப்பதில்லை. சில ஆய்வுகளில் ஒரு பிரிவுக்கு மருந்தே இல்லாத மாத்திரை தரப்படும். இவற்றைத் தகவல் தாள் மறைக்கக்கூடாது. படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் கூட இருந்து கையெழுத்திட வேண்டும். வெறும் கைநாட்டு போதாது. இதுவரை பயன்பாட்டுக்கு வராத புத்தம்புது மருந்தை, எளிதில் நெருக்கடிக்கு ஆளாகக்கூடியவர்களிடம் சோதிக்கும்போது, சம்மதம் வாங்குவதையே வீடியோவில் பதிவு செய்ய வேண்டும்.

மருந்துச் சோதனைக்கான ஒப்புதல் படிவத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெயர், வயது, முகவரிக்குக் கீழே படிப்பு, தொழில், ஆண்டு வருமானம் கேட்டிருப்பார்கள். அதற்கும் கீழே வாரிசுதாரர் பெயர், முகவரி, உறவு முறை. அந்தக் கட்டம் இருக்கும் காரணம் படிவத்திலேயே இருக்கிறது: சோதனையால் மரணம் நேர்ந்தால் இழப்பீடு கொடுப்பதற்காக. கட்டம் காலியாக இருந்தால், அல்லது நோயாளிக்குத் தெரியாமலே யாரோ நிரப்பியிருந்தால், சம்மதம் எப்படி வாங்கப்பட்டது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

கையெழுத்தானதும் தகவல் தாளையும் நிரப்பிய படிவத்தின் நகலையும் நோயாளியிடமோ கூட இருப்பவரிடமோ கொடுத்தாக வேண்டும். இது விதி. பின்னால் ஒன்று நேர்ந்தால் உங்களுக்கு இருக்கும் பிடிமானம் அந்த நகல்தான். நகல் இல்லாத குடும்பத்துக்கு, அப்பா ஓர் ஆய்வில் இருந்தார் என்பதே தெரியாமல் போகும். நோய் முற்றி இறந்தார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

பாதிப்பு நேர்ந்தால் என்ன ஆகவேண்டும்? மரணம், மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை, ஊனம் போன்றவை நேர்ந்தால், ஆய்வு நடத்தும் மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும், ஆய்வை நடத்தச் செய்யும் கம்பெனிக்கும், ஆய்வுக்கு ஒப்புதல் தந்து கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். சோதனையில் இருப்பவருக்கு என்ன பாதிப்பு வந்தாலும், அது சோதனையால் வந்ததல்ல என்று நிரூபணமாகும் வரையோ, மருத்துவர் போதும் என்று சொல்லும் வரையோ, எது முந்தியோ அதுவரை, இலவசமாக வைத்தியம் பார்க்க வேண்டும். முதலில் பணம் கட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்று சொல்ல இடமில்லை.

சோதனையால்தான் மரணம் என்று முடிவானால் இழப்பீட்டுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும், சேரும்போது நோய் எவ்வளவு தீவிரமாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பெருக்குவார்கள். லேசான நோயோடு சேர்ந்த 40 வயதுக்காரர் இறந்தால் சுமார் 44 லட்சம் வரும். ஆறு மாதம்கூடத் தாங்க மாட்டார் என்ற நிலையில் சேர்ந்த 65 வயதுக்காரருக்கு 4 லட்சம். ஒரு மாதத்துக்குள் இறக்க 90 விழுக்காடு வாய்ப்புள்ளவருக்கு 2 லட்சம். மருந்தின் பக்கவிளைவு மட்டுமல்ல, நல்ல வைத்தியம் கையில் இருக்க அதைக் கொடுக்காமல் விட்டது, மருந்தில்லா மாத்திரை கொடுத்ததால் தேவையான வைத்தியம் கிடைக்காமல் போனது, ஆய்வுக்காகச் செய்த பரிசோதனையில் வந்த கோளாறு எல்லாமே இழப்பீட்டுக்கு உரியவை. பணம் கொடுக்க வேண்டியது நடத்தச் செய்யும் கம்பெனி.

கம்பெனி இல்லாத கல்லூரி ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் பொருந்தும். அங்கேயும் பாதிப்புக்கு இலவச வைத்தியமும் இழப்பீடும் உண்டு, பொறுப்பு நிறுவனத்துடையது. நடைமுறையில் இது பலவீனமான இடம். தங்கள் கல்லூரியில் இதற்கென்று ஒதுக்கிய நிதியோ காப்பீடோ இருக்கிறதா என்று நெறிமுறைக் குழுக்கள் கேட்டாக வேண்டும். கேட்காமல் ஆய்வுக்கு ஒப்புதல் தருவது நியாயமில்லை.

புகார் என்றால் முதலில் போக வேண்டிய இடம் அந்த நெறிமுறைக் குழுதான். 'எத்திக்ஸ் கமிட்டி' என்று கேட்டால் காட்டுவார்கள். அதன் தலைவர் அந்த மருத்துவமனையைச் சேராதவராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது வெளியாட்கள். ஒரு சட்டம் தெரிந்தவர், மருத்துவம் படிக்காத ஒரு சாதாரண ஆள், ஒரு பெண் கட்டாயம் இருக்க வேண்டும். உங்கள் தரப்பைக் கேட்கத்தான் அந்தச் சாதாரண ஆள் அங்கே உட்கார்ந்திருக்கிறார். குழுவைத் தொடர்புகொள்ள வேண்டிய பெயரும் எண்ணும் தகவல் தாளில் இருக்கும். தமிழில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அங்கே பதில் இல்லை என்றால், மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் தென்மண்டல அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. அரசு மருத்துவமனை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஆய்வின் ஒப்புதல் விவரங்களைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வழக்குப் போட வசதியில்லாதவர்கள், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

ஆய்வு அசல்தானா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு 2007 முதல் இணையத்தில் இயங்குகிறது. 2009 ஜூன் முதல் மருந்துச் சோதனைகளை அதில் பதிவது கட்டாயம். எந்த மருத்துவமனை, யார் பொறுப்பு, நெறிமுறைக் குழு ஒப்புதல் கிடைத்ததா என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். கல்லூரிக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆரோக்கியமான இளைஞர்களைப் பணம் காட்டி மாத்திரைச் சோதனைகளுக்கு அழைத்துப் போகும் ஏஜெண்டுகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. ஒரு சோதனை முடிந்த உடனே அதை மறைத்து இன்னொன்றில் சேர்வது உடம்புக்கு நேரடி ஆபத்து.

ஆய்வேடு எழுதும் இளம் மருத்துவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முப்பத்தாறு மணி நேர டூட்டிக்கு நடுவே சம்மதம் வாங்குவது எவ்வளவு சிரமம் என்பது தெரியும். அதற்காக வேலையைப் பயிற்சி மருத்துவரிடமோ நர்ஸிடமோ தள்ளிவிடாதீர்கள். அறுவைக்கு முந்தைய இரவு, பயத்தில் இருக்கும் மனிதரிடம் போகாதீர்கள். ஓ.பி.யில் முதல் தடவை பார்க்கும்போதே தாளைக் கொடுத்து, வீட்டில் பேசிவிட்டு வரச் சொல்லுங்கள்.

நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும்: யாராவது படிவத்தை நீட்டினால், "டாக்டர், இது எனக்குப் பார்க்கிற வைத்தியமா, ஆராய்ச்சியா?" என்று கேளுங்கள். ஆராய்ச்சி என்றால் யோசிக்க ஒரு நாள் கேளுங்கள். சேர்வதென்று முடிவெடுத்தால் நகலை வாங்கி, டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒரே உறையில் வையுங்கள். அந்த உறை எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.