மங்கிப்போன மீட்டர் விளக்குக்குள் இத்தனை விஷயமா! தெரியுமா?

உடன்குடி என்றதும் கருப்பட்டிதான் நினைவுக்கு வரும். ஆனால் குலசேகரப்பட்டினக் கடலில் இருந்து ஊருக்குள் வீசும் உப்புக்காற்று, ஷெட்டில் நிற்கும் அறுபது வயது ஸ்போர்ட்ஸ் காரை என்ன பாடுபடுத்தும் தெரியுமா? பல்பில் ஒரு குறையும் இருக்காது. ஆனாலும் ராத்திரி ஸ்பீடோமீட்டர் முள் கண்ணுக்கே தெரியாது!

காரணம் வோல்டேஜ். இழை பல்பில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் வெளிச்சம் மளமளவென்று சரியும். 12 வோல்ட் பல்புக்கு 10 வோல்ட் கொடுத்துப் பாருங்கள்: ஆறில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது, வெளிச்சமோ ஏறக்குறைய பாதியாகிவிடும்! அந்த 2 வோல்ட் எங்கே போனது? பெரும்பாலும் எர்த்தில். கறுப்பு வயரின் முனையில் இருக்கும் பித்தளை வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றால் திருகுக்கு அடியில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். ஒரே ஒரு ஓம் தடை போதும், மீட்டர்களின் ஐந்து பல்பும் சேர்ந்து கிட்டத்தட்ட 1 வோல்ட்டை அங்கேயே தொலைத்துவிடும். வெளிச்சத்தில் கால் பங்கு காலி!

இது ஏதோ சீமைக்கார் சங்கதி என்று நினைக்காதீர்கள். 1962-இல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற அழகான ஸ்போர்ட்ஸ் காரின் சேஸி எது தெரியுமா? ஹெரால்டு காரின் சேஸியை வெட்டிச் சுருக்கியதுதான்! இரண்டையும் வரைந்தவர் இத்தாலியரான மிச்செலோட்டி. அந்த ஹெரால்டு 1961 முதல் நம் சென்னையில், ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் உருவானது. அதே 1961-இல்தான், கார் விளக்குக்கும் டைனமோவுக்கும் பெயர்போன இங்கிலாந்து லூகாஸுடன் டி.வி.எஸ். கைகோத்து 'லூகாஸ் டி.வி.எஸ்.' பிறந்தது. டி.வி.எஸ்.ஸைத் தொடங்கிய சுந்தரம் ஐயங்கார் திருக்குறுங்குடிக்காரர். தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்த 1986 வரை உடன்குடியும் திருக்குறுங்குடியும் ஒரே நெல்லை மாவட்டம்!

இனி மீட்டரின் உள்ளே போவோம். இந்தக் கார்களில் வரும் ஸ்மித்ஸ் நிறுவன மீட்டர்களில் இருக்கும் பல்பு வெறும் 2.2 வாட். அது முள்ளின் மேல் நேராக வெளிச்சம் அடிப்பதில்லை. டயலுக்குப் பின்னால் ஒளிந்திருந்து, கூட்டின் வெள்ளைச் சுவரில் பட்டுத் தெறித்து, விளிம்பின் இடுக்கு வழியாகத்தான் முன்னால் கசிகிறது. அந்த வெள்ளைப் பெயின்ட் பழுப்பேறிவிட்டால் புது பல்பு போட்டும் பயனில்லை. உள்சுவருக்கு மட்டும் மறுபடி வெள்ளை அடியுங்கள், மீட்டர் பளிச்சென்று ஆகிவிடும். டயலின் எழுத்தை மட்டும் துடைத்துவிடாதீர்கள், கையோடு வந்துவிடும்!

அப்புறம் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு பொத்தான், ரியோஸ்டாட். வெளிச்சத்தை வேண்டுமென்றே குறைக்க ஒரு கருவியா என்று கேட்கலாம். முகத்துக்கு எதிரே மீட்டர் பளபளத்தால் இருட்டுச் சாலை தெரியாது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். மணப்பாடு சாலையில் நடுநிசியில் ஓட்டுகிறவருக்கு அந்தப் பொத்தான் உயிர்காக்கும் விஷயம். ஆனால் பல வருடம் தொடாமல் கிடந்தால் அதன் கம்பிச்சுருளிலும் களிம்பு படிந்து வோல்டேஜைத் தின்னும். பத்துப் பதினைந்து தடவை இப்படியும் அப்படியும் திருகினாலே பாதி நோய் தீர்ந்துவிடும்.

'எல்.இ.டி. மாட்டிவிட்டால் போச்சு' என்பார்கள். 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பாடியோடு சேர்வது பாசிட்டிவ் முனை என்பது தெரியுமா? சாதாரண எல்.இ.டி. அதில் எரியவே எரியாது! எரிகிற வண்டியிலும் அந்தப் பழைய ரியோஸ்டாட்டுக்கு அது சரியாகக் கட்டுப்படாது. அதிக வாட் பல்பு போடுவது இன்னும் மோசம், சூட்டில் பல்புக்கு முன்னால் இருக்கும் நீல, பச்சை ஃபில்டர்கள் உருகும்.

ஆகவே, பல்பை மாற்றக் கடைக்கு ஓடும் முன், விளக்கைப் போட்டுவிட்டு மீட்டரின் உலோகக் கூட்டுக்கும் பேட்டரியின் எர்த்து முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். அரை வோல்ட் காட்டினால்கூட எர்த்து கெட்டிருக்கிறது. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, எர்த்து வயரின் முனையை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் மழைக்காலம் முடிந்ததும் வருடம் ஒருமுறை இதைச் செய்துவிடுங்கள்.