மேஜை ஓரத்தில் இரண்டு காசுகள்

சமையல் வேலை முடிந்து கை ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து ஒரு சின்ன வேடிக்கை செய்து பாருங்கள். (அப்படியொரு நேரம் உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள்!) ஒரே மாதிரியான இரண்டு காசுகளில் ஒன்றை மேஜை ஓரத்தில் வையுங்கள். மற்றொன்றை அதே உயரத்தில் இடது கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மேஜைக் காசைக் கேரம் காய் போல் சுண்டிவிடும் அதே கணத்தில் கையிலிருப்பதை நழுவ விடுங்கள். ஒன்று நேரே காலடியில் விழும். மற்றது தூரத்தில் போய் விழும். எது முதலில் தரையைத் தொடும்?

காலடியில் விழுவதுதான் என்பீர்கள். அதற்குத்தானே வழி குறைவு! ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். கை பழகிவிட்டால் இரண்டும் ஒரே ஓசையாக ‘டங்’ என்று விழும்.

இந்த ஓர் ஓசையில் அடங்கிய உண்மை எளிதில் பிடிபடவில்லை. 1537ல் டார்ட்டாக்ளியா என்ற இத்தாலியர் பீரங்கிக் குண்டின் பாதையைப் படம் போட்டார். முதலில் நேர்கோடு, பிறகு சிறு வளைவு, கடைசியில் செங்குத்தாக விழுதல். எறிந்த வேகம் தீர்ந்த பிறகுதான் கனம் தன் வேலையைக் காட்டும் என்பது அந்நாளைய எண்ணம்.

படூவா சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த கலிலியோ, 1608 வாக்கில், சரிவான பலகையில் ஒரு குண்டை உருட்டி, அது மேஜையைத் தாண்டிப் பறந்து விழும் தூரத்தை அளந்தார். வெவ்வேறு உயரத்திலிருந்து உருட்டி உருட்டி அளந்தார். பறக்கும் பொருளுக்கு ஒரே சமயத்தில் இரண்டு காரியங்கள் என்று தெரிந்தது. முன்னே போவது ஒன்று. கீழே விழுவது ஒன்று. ஒரே வீட்டிலிருந்தும் ஒருத்தி காரியத்தில் மற்றவள் தலையிடாத ஓரகத்திகள் மாதிரி! முன்னே போகும் வேகம் மாறாது. விழும் வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஒரு விநாடியில் சுமார் 5 மீட்டர் விழுந்தால், இரண்டு விநாடியில் 20, மூன்றில் 45. இரண்டும் சேர்ந்து வரையும் அழகிய வளைவுக்குப் பரவளைவு என்று பெயர்.

செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயில் அதைக் கண்ணாலேயே காணலாம். வாயைத் தரையோடு வைத்து 45 பாகை சாய்த்தால் தண்ணீர் அதிக தூரம் போகும். 30 பாகையிலும் 60 பாகையிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். காற்று குறுக்கிடுவதால் பஞ்சுக்கும் இறகுக்கும் இந்தக் கணக்கு செல்லாது.

இதெல்லாம் புஸ்தகமாக வெளிவர முப்பது வருஷம் ஆயிற்று. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று வாதித்ததற்காக 1633ல் ரோமாபுரியில் கலிலியோவை விசாரித்துத் தண்டித்தார்கள். ப்ளாரன்ஸுக்கு அருகே ஆர்சேத்ரியில் வீட்டுக் காவல். பக்கத்து மடத்தில் கன்னியாஸ்திரீயாக இருந்த மூத்த மகள் மரியா செலஸ்தேதான் அவருக்கு ஒரே ஆறுதல். தந்தையின் சட்டைக் கழுத்துப் பட்டைகளை வெளுத்துத் தருவாள். பழங்களைச் சர்க்கரைப் பாகில் போட்டு அனுப்புவாள். வாரந்தோறும் அவர் சொல்ல வேண்டுமென்று விதித்திருந்த பிராயச்சித்தத் தோத்திரங்களையும் தானே சொல்வதாக ஏற்றுக்கொண்டாள். 1634ல், 33 வயதில், அவளும் போய்விட்டாள்.

அந்தத் துக்கத்திலேதான் கிழவர் பழைய குறிப்புகளை எடுத்துவைத்துக்கொண்டு எழுதி முடித்தார். அச்சிட இத்தாலியில் வழியில்லை. ஹாலந்தில் லெய்டன் நகரத்து எல்சவீர் அச்சகத்தார் 1638ல் வெளியிட்டார்கள். அதற்குள் அவருக்கு இரு கண்களும் போய்விட்டிருந்தன.

மேஜையின் உயரம், குண்டு விழுந்த தூரங்கள் எல்லாம் அவர் கைப்பட எழுதிய அந்தத் தாள் ப்ளாரன்ஸ் நூல்நிலையத்தில் இன்றும் பத்திரமாக இருக்கிறது.