கடை போனது, கல்லூரி வந்தது!

ஒரே கூரை. அதன் கீழே வரிசை வரிசையாகக் கடைகள். துணி, செருப்பு, பொம்மை, பலகாரம் எல்லாம் அங்கே கிடைக்கும். வெளியே மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் உள்ளே கவலை இல்லை. இதற்குப் பெயர்தான் "மால்".

புறநகர் மால்கள் பிறந்து வளர்ந்த நாடு அமெரிக்கா. அங்கேயே இன்று பல மால்கள் பூட்டிக் கிடக்கின்றன. சில, தரைமட்டமாகிவிட்டன. என்ன காரணம்?

தப்பி வந்தவரின் கனவு

மாலின் தந்தை என்று சொல்லப்படுபவர் விக்டர் குரூயன். 1903-ல் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் பிறந்தவர். கட்டிடக் கலைஞர். யூதர். 1938-ல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்குத் தப்பி வந்தார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, அமெரிக்க மக்கள் நகரத்தை விட்டுப் புறநகர்களில் குடியேறினார்கள். வீடு ஓர் இடம், கடை ஓர் இடம். எதற்கும் கார் வேண்டும். நாலு பேர் கூடிப் பேச இடம் கிடையாது.

"வியன்னாவின் கடைவீதியைப் போல, மக்கள் நடந்து திரியும் இடம் ஒன்று வேண்டும்" என்று எண்ணினார் குரூயன். குளிர் வாட்டும் மினசோட்டா மாநிலத்தில், ஈடைனா என்ற ஊரில், "சவுத்டேல்" மாலைக் கட்டினார். 1956 அக்டோபர் 8-ந்தேதி அது திறக்கப்பட்டது. 72 கடைகள்! நடுவே மரம், செடி, பெரிய பறவைக் கூண்டு!

மாலைச் சுற்றி வீடுகளும் பள்ளிக்கூடமும் பூங்காவும் வேண்டும் என்பதும் அவர் திட்டம். ஆனால், அவரைப் பார்த்துக் கட்டியவர்கள் லாபம் தரும் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கடைகள், சுற்றிலும் கார் நிறுத்தும் மைதானம். அவ்வளவுதான். குரூயன் மனம் கசந்தார். "இவை என் பிள்ளைகள் அல்ல" என்கிற விதமாகவே பேசினார்.

தூண் சாய்ந்தது

ஓகையோ மாநிலத்தில் நார்த் ராண்டல் என்று ஒரு சிற்றூர். 1976-ல் அங்கே "ராண்டல் பார்க்" மால் திறக்கப்பட்டது. பரப்பு 20 லட்சம் சதுர அடிக்கும் மேல். "உலகிலேயே பெரிய மால்" என்று விளம்பரம் செய்தார்கள். ஊரின் முத்திரையிலேயே இரண்டு கடைப் பைகளின் படம் ஏறியது!

மாலின் தூண்கள் பெரிய கடைகள். அவற்றைத் தேடி வரும் கூட்டத்தை நம்பியே சிறு கடைகள் பிழைக்கும். "பெரிய கடை மூடினால் வாடகையைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் காலி செய்வோம்" என்று பல சிறு கடைகள் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளும். ஆகவே, ஒன்று சாய்ந்தால் மற்றவையும் சாயும்.

அமெரிக்காவில் மால்கள் அளவுக்கு மீறிப் பெருகின. ஒன்றின் கூட்டத்தை மற்றொன்று இழுத்தது. பிறகு, வீட்டில் இருந்தபடியே பொருள் வாங்கும் வசதியும் வந்தது. ராண்டல் பார்க் 2009-ல் மூடப்பட்டது. 2014-ல் இடிக்கத் தொடங்கினார்கள். 2018-ல் அதே மண்ணில் அமேசான் கம்பெனியின் கிடங்கு எழுந்தது. மக்கள் பொருளைத் தேடிப் போன இடத்திலிருந்து, இன்று பொருள் மக்களைத் தேடிப் போகிறது!

பாடம் நடக்கும் கடை

எல்லா மாலுக்கும் இதே கதி அல்ல. டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரின் "ஹைலண்ட்" மால் 1971-ல் திறந்தது. வியாபாரம் படுத்ததும், அரசுக் கல்லூரி ஒன்று அதை வாங்கியது. பெரிய கடை இருந்த கட்டிடம் 2014-ல் படிப்புக் கூடமாகத் திறக்கப்பட்டது. 600-க்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள்! துணி வாங்க வந்தவர்களின் பிள்ளைகள் கல்வி தேடி அங்கே வந்தார்கள்.

முதல் மாலான சவுத்டேலும் சாகவில்லை. கார் நின்ற மைதானத்தின் ஒரு பகுதியில் அடுக்குமாடி வீடுகள் வந்தன. மூடிய பெரிய கடையின் இடத்தில் 2019-ல் உடற்பயிற்சிக் கூடம் வந்தது.

வீடு, படிப்பு, உடல்நலம். குரூயன் அன்று கேட்டதும் இதைத்தானே!

வாங்குவதற்காக மட்டும் வரும் கூட்டம், வேறு கடை கண்டால் போய்விடும். வாழ வரும் மக்கள்தான் ஓர் இடத்தை வாழவைப்பார்கள்.