சிறுத்த எஞ்சினும் சிறுக்காத நீரும்

கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பார்ப்பதற்கென்று செய்யப்பட்ட பொம்மை எஞ்சினுக்கும், கைப்பிடி நிலக்கரியைத் தின்று ஆவியைக் கக்கிக்கொண்டு, தன்னைச் சமைத்த மனிதனையே ஒரு தட்டு வண்டியில் ஏற்றி இழுத்துச் செல்லும் சின்னஞ்சிறு எஞ்சினுக்கும் உள்ள வித்தியாசம், சித்திரத்துக்கும் சரீரத்துக்கும் உள்ள வித்தியாசமே. இங்கிலாந்தில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக, பகலில் வேறு தொழில் பார்க்கும் பலர், வீட்டுக் கொல்லையிலே ஒரு கொட்டகையும் அதற்குள் ஒரு லேத்தும் வைத்துக்கொண்டு, மாலைப் பொழுதுகளில் ஆணி ஆணியாகக் கடைந்து, ஓர் எஞ்சினுக்குப் பல வருஷங்களைச் செலவிட்டு, இத்தகைய சரீரங்களைச் சிருஷ்டித்து வந்திருக்கிறார்கள்.

நிஜ எஞ்சின் ஓடும் தண்டவாளங்களுக்கிடையே 4 அடி 8½ அங்குலம்; 3½ அங்குல அகலத்தில் ஓடும் மாதிரி அதில் ஏறக்குறையப் பதினாறில் ஒரு பங்கு. சக்கரத்தின் ஆரங்களையும் தகடுகளில் அடித்த தறையாணிகளையும் அதே விகிதத்தில் குறைத்து, மூலத்தை அறிந்தவர் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு நோக்கினாலும் குற்றம் காண முடியாதபடி அமைத்துவிடலாம். ஆனால் நெருப்பையும் நீரையும் அவ்விதம் குறைக்க இயற்கை சம்மதிப்பதில்லை. நீளம் 16 மடங்கு குறைந்தால் பரப்பு 256 மடங்கும் கன அளவு 4,096 மடங்கும் குறைகின்றன. ஆகவே, சிலிண்டருக்குள் புகும் ஆவியின் அளவோடு ஒப்பிட, அதைச் சூழ்ந்து குளிர்விக்கும் சுவரின் பரப்பு பதினாறு மடங்கு பெருகி, வேலை செய்ய வந்த ஆவியில் ஒரு பகுதி வேலைக்கு முன்பே நீராகிவிடுகிறது. பாய்லருக்குள் தீயும் புகையும் செல்லும் 2 அங்குலக் குழாயைக் கணக்குப்படி சுருக்கினால் கிடைப்பது அரைக்கால் அங்குலம். அதை அடைக்க ஒரு துணுக்குச் சாம்பல் போதும். ஆகையால் குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்து விட்டத்தைக் கூட்டுகிறார்கள். நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் இவற்றிலும் அபாயகரமானது: துளை மிகக் குறுகினால், நீர் கண்ணாடியைப் பற்றிக்கொண்டு மேலேறி, பாய்லரில் இல்லாத நீரை இருப்பதாகக் காட்டும். வெளியிலே மூலத்துக்கு அணுவளவும் மாறாத விசுவாசம், உள்ளே இயற்கைக்குப் பணிவு. இவ்விரண்டையும் ஓர் உடலில் இணைப்பதே இக்கலையின் உயிர் என்பது என் துணிபு.

உள்ளே எரிய வேண்டியது எது என்பதும் வாதப் பிரதிவாதமின்றி முடிவாகவில்லை. சிறு எஞ்சின்களுக்குச் சாராய விளக்கே ஏற்றது என்று பலரும் நம்பிய காலத்தில், 'எல்.பி.எஸ்.ஸி.' என்ற புனைபெயரில் 'மாடல் எஞ்சினியர்' பத்திரிகையில் எழுதிவந்த கர்லி லாரன்ஸ், நிலக்கரியே போதும் என்று வாதாடி, 1924ஆம் ஆண்டுக் கண்காட்சியில், 2½ அங்குலத் தண்டவாளத்தில் ஓடும் தமது 'ஆயிஷா' என்னும் எஞ்சினைக் கொண்டு வளர்ந்த மனிதரை இழுத்துக் காட்டினார்.

அவ்வளவு சிறியது ஆளை இழுப்பதெப்படி? பிஸ்டனைத் தள்ளும் விசை அதன் பரப்பைப் பொறுத்ததாகையால், ஆவியின் அழுத்தம் மாறாதவரை 256 மடங்கே குறைகிறது. எடையோ 4,096 மடங்கு குறைகிறது. எடைக்கு மிஞ்சிய அந்த பலம் சக்கரங்களை வழுக்கச் செய்யுமேயன்றி, பலம் போதாமல் எஞ்சின் நிற்பது அபூர்வம். எஃகின் மேல் எஃகு உருளுகையில் எதிர்ப்பு மிகச் சொற்பம். சமதளத்தில் ஒரு மனிதனை நகர்த்தச் சில ராத்தல் இழுவை போதும்.

பாய்லரைச் செம்புத் தகட்டில் வளைத்து, வெள்ளி கலந்த பற்றாசை உருக்கி இணைக்கிறார்கள். சதுர அங்குலத்துக்கு 80 ராத்தல் அழுத்தத்தில் உழைக்கப்போகும் பாய்லரை முதலில் குளிர்ந்த நீரால் நிரப்பி, அதன் இருமடங்கு அழுத்தத்துக்கு உட்படுத்திச் சோதிப்பார்கள். நீர் அநேகமாக அமுங்காத பொருளாகையால், தகடு விட்டுக்கொடுத்தாலும் வெடிப்பு இராது, ஒரு கசிவோடு அடங்கிவிடும். அந்தப் பரீட்சையில் தேறிய எஞ்சின் ஒரு நாள் தண்டவாளத்தில் ஏறுகிறது. அதன் கொள்ளளவு சொற்பம். பெரிய எஞ்சினின் கரிவாரி சற்றே மூச்சு வாங்கும் அவகாசத்தில் இதன் நீர் வற்றித் தீயும் அணைந்துவிடும். ஆதலால் அதன் எஜமானர் கரண்டியளவு கரியைக் கையில் ஏந்தியபடி, சுற்றுப்புறத்து மரங்களைப் பாராமல், அந்தச் சிறு கண்ணாடிக் குழாயில் ஏறி இறங்கும் நீரையே பார்த்துக்கொண்டு போகிறார்.