குட்டி மடிக்கணினி களைத்துப்போவது ஏன்?

மாணவர்களே, 2007-இல் ஆசுஸ் நிறுவனம் 7 அங்குலத் திரையுடன் 'ஈ பிசி 701' என்ற மலிவு விலை மடிக்கணினியை வெளியிட்டது. சுழலும் வன்தட்டுக்குப் பதில் அதில் ஃபிளாஷ் நினைவகம் இருந்தது. இன்று இவ்வகைக் கணினிகள் பலவற்றில் விசிறியும் இல்லை. சில்லின் வெப்பம் உறை வழியாகவே காற்றில் கலக்க வேண்டும்.

வெப்பநிலை வேறுபாடு குறைந்தால் வெப்பம் மெதுவாகவே வெளியேறும். நம் ஜொகூரில் மதியக் காற்றே 32 பாகை செல்சியஸைத் தொடுகிறது. மெத்தையில் வைத்தாலோ, அரிதிற்கடத்தியான பஞ்சு வெப்பத்தை மேலும் தடுக்கிறது. சூடேறிய சில்லு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. அது பழுதல்ல.

புதுக் கணினி கேட்டு அம்மா அப்பாவிடம் போகுமுன், கணினியை ஆறவிட்டு, அதே வேலையை மேசையில் வைத்துச் செய்து பாருங்கள். வேகம் திரும்பினால் வீட்டுக்குக் காசு மிச்சம்!