கேட்டின் உயரமும் சாலையின் உரிமையும்

இங்கிலாந்தில் வீட்டு முன்றிலுக்குள் கார் நுழையும் வழிக்குக் கேட் அமைக்க விரும்புபவர், மரமா இரும்பா என்று தீர்மானிப்பதற்கு முன்பே, அது எவ்வளவு உயரமாக, சாலையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கப்போகிறது என்னும் இரண்டு கணக்குகளைப் போட்டுப் பார்த்தாக வேண்டும். கட்டுமானப் பணிக்கு உள்ளாட்சி மன்றத்திடம் பெறும் ஒப்புதல் 'திட்ட அனுமதி' எனப்படுகிறது. ஆயினும் சிறு வேலைகள் ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பம் தேவைப்படாதபடி, வரம்புக்குள் அடங்கும் பணிகளுக்கு 2015ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று முன்கூட்டியே ஒப்புதல் தந்துவிடுகிறது. இதுவே 'அனுமதிக்கப்பட்ட மேம்பாடு'.

கேட், வேலி, மதில் மூன்றையும் ஒரே வகையாகக் கொள்ளும் அந்த ஆணை, வாகனம் செல்லும் சாலையை ஒட்டியிருப்பவை 1 மீட்டரையும், ஏனைய இடங்களில் இருப்பவை 2 மீட்டரையும் தாண்டக்கூடாது என வரையறுக்கிறது. 1 மீட்டர் என்பது வளர்ந்தவரின் இடுப்பளவே ஆதலால், காரை வெளியே எடுப்பவருக்கு நடைபாதையில் வரும் பள்ளிச் சிறுவனின் தலை கேட்டுக்கு மேலே தெரியும். சாலை என்பதில் நடைபாதையும் ஓரப் புல்வெளியும் அடங்கும். 'ஒட்டி' என்பதற்கோ ஆணையில் அளவு கூறப்படாமையால், எல்லைக்கோட்டைத் தொடாத கேட்டும், இடத்தின் அமைப்பைப் பொறுத்து, சாலையை ஒட்டியதாகவே கருதப்படலாம். ஆகவே, நடைபாதை விளிம்பில் விண்ணப்பம் கோரும் 1.8 மீட்டர் கேட், ஒரு கார் நீளத்திற்கு உள்ளே தள்ளி வைக்கப்பட்டால் பெரும்பாலும் விண்ணப்பமின்றியே அமையலாம்; மின்விசையால் அது திறக்கும்வரை காத்திருக்கும் காரும் நடப்பவர்களின் வழியை மறிக்காது. ஏற்கெனவே உயரமாக இருந்த கேட்டைத் திருத்தியமைப்பவர் பழைய உயரத்தைத் தாண்டாத வரை வரம்பு மீறியவராகார்.

இச்சலுகை எல்லா வீடுகளுக்கும் உரியதன்று. வரலாற்றுச் சிறப்பு கருதி அரசுப் பட்டியலில் சேர்க்கப்பட்ட கட்டடத்தின் வளாகத்திற்கு இது பொருந்தாது என்பதோடு, குறிப்பிட்ட பகுதிக்கென மன்றம் பிறப்பிக்கும் 'நான்காம் பிரிவுக் கட்டளை'யாலோ, வீடு கட்டியபோது விதிக்கப்பட்ட நிபந்தனையாலோ இது நீக்கப்பட்டிருக்கவும் கூடும். மேலும், 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டப்படி தெருப்பக்கம் திறக்கும் கேட்டுக்குப் பொதுவாக இடமில்லை. கார் ஏறுவதற்காக நடைபாதை விளிம்புக்கல்லைத் தாழ்த்துவதற்கும் நெடுஞ்சாலை ஆணையத்தின் தனி ஒப்புதல் வேண்டும்.

அனுமதியின்றி உயர்ந்த கேட்டை அகற்றுமாறு மன்றம் அறிவிப்பு அனுப்பலாம் என்பதும், 2024 ஏப்ரல் 25 முதல் நிறைவுறும் பணிகள் மீது அந்நடவடிக்கைக்கான காலவரம்பு 4 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக நீண்டுவிட்டது என்பதும் கவனிக்கத்தக்கவை. ஐயமுள்ளவர்கள், பணி சட்டத்துக்கு உட்பட்டதே என்று மன்றம் வழங்கும் சான்றிதழை முன்னரே பெற்றுக்கொண்டால், வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வழக்கறிஞர் எழுப்பும் கேள்விக்கும் விடை கையில் இருக்கும்.